அண்ணா ஸ்டேசன் பெயர்களைச் சொன்னார்

கோண்டாவில்,
ஆடி மாதம்.

அன்புள்ள வதனி,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்தது. உன் அண்ணாவை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று இருந்தேன். நேற்றுப் பின்னேரம் போனேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இன்னும் பத்து நாள்தான், உங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைகளின் சத்தம். அண்ணா விறாந்தைக் கதிரையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், ஒரு பழுத்த இலைகூடக் கலக்காமல். என்னைக் கண்டதும் "வதனி எப்ப வாறாள்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"அண்ணாவுக்கு 68 வயதாகிவிட்டது, அந்த மனச்சிதைவு வருத்தமும் இருக்கிறது, இனி ஏதாவது இல்லத்தில் விடுவதுதான் நல்லதோ?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லுமுன் என் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். அதில் நான் விட்ட பிழை உனக்கும் உதவும்.

என் தம்பி குடும்பத்தோடு லண்டனுக்குப் போன பிறகு அம்மா மெல்ல மெல்ல அடங்கிப்போனார். முதலில் கிணற்றடிக்குப் போவது நின்றது. பிறகு பூப்பறிப்பது, பிறகு கதை. எதைக் கேட்டாலும் "தெரியாது பிள்ளை" என்பார். விடிய இரண்டு மணிக்கே எழும்பி இருப்பார். நெஞ்சு எரியுது, தலை அம்மலாய் இருக்குது என்று மட்டும் சொல்வார். காட்டிய இடத்தில் ஒரு டொக்டர் ஐந்து நிமிடத்தில் "84 வயது, டிமென்சியா தொடங்குது" என்று, அதாவது மறதிநோய் என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். மனநல வாட்டில் 19 வருடம் நேர்சாக நின்ற நானும் "வயது போனால் அப்படித்தான்" என்று நினைத்து அந்தக் குளிசையை எட்டு மாதம் கொடுத்தேன் வதனி. அதை நினைக்கும்போது இப்பவும் நெஞ்சு அடைக்கிறது.

என்னை உலுக்கியது அம்மாவின் அந்த "தெரியாது" தான். மறதிநோய் உள்ளவர்கள் பெரும்பாலும் மறதியை மறைக்கப் பார்ப்பார்கள், ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிப்பார்கள். மனச்சோர்வில் இருப்பவர் முயற்சி செய்யாமலே "தெரியாது" என்று விட்டுவிடுவார், தனக்கு ஞாபகமே இல்லை என்று தானே முறையிடுவார். கைலோ என்ற மருத்துவர் 1961இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். மறதிநோய் போலத் தோன்றும் மனச்சோர்வு. வாட்டில் எத்தனை பேருக்கு நானே விளங்கப்படுத்தியிருப்பேன்! சொந்த வீட்டுக்குள் வந்தபோது கண் தெரியவில்லை.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த இளம் டொக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் கதைத்தார். முதியவர்களின் மனச்சோர்வை அளக்க யெசவேஜ் என்ற மருத்துவரின் குழுவினர் 1980களில் உருவாக்கிய கேள்விக் கொத்து ஒன்று இருக்கிறது, 30 கேள்வி. பிறகு அதை 15 ஆகச் சுருக்கினார்கள். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். நித்திரை, பசி, உடம்பு நோவு பற்றி அதில் வேண்டுமென்றே கேட்பதில்லை, வயதானவர்களுக்கு அவை வேறு வருத்தங்களாலும் வரும் என்பதால். நியாயம்தான். ஆனால் எங்கள் ஆச்சிமார் கவலையைக் கவலை என்று எங்கே சொல்கிறார்கள்? நெஞ்செரிவு, தலை அம்மல், கை கால் உளைவு, மிஞ்சினால் "யோசினை". அந்த டொக்டருக்கு அது தெரிந்திருந்தது. கேள்விகளை முடித்துவிட்டு, "நெஞ்சு எரியிறது எப்ப கூட, அம்மா?" என்று கேட்டார். "தம்பியின்ர அறையைக் கூட்டேக்க" என்றார் அம்மா. எட்டு மாதத்தில் நான் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். இந்த வயதில் அந்த மருந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம் என்பதால் இரத்தம் சோதித்தார்கள். நித்திரைக் குளிசையைப் படிப்படியாக நிற்பாட்டினார்கள். ஏழாவது கிழமை, ஒரு காலமை, "கறிவேப்பிலைக் கன்றுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?" என்று அம்மா என்னை ஏசினார். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். முதுமையில் வரும் மனச்சோர்வு சிலருக்குப் பின்னால் வரப்போகும் மறதிநோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். சரி, காட்டுவோம். இப்போதைக்கு அம்மா இருக்கிறார்.

இனி அண்ணா. அவருக்கு 22 வயதில் வருத்தம் தொடங்கியபோது ஊரே "விசர்" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டது. சிசோபிரினியா என்ற இந்த மனச்சிதைவு வந்தால் ஆள் தேய்ந்துகொண்டே போவார் என்றுதான் அந்தக் காலத்துப் பாடப்புத்தகமும் சொன்னது. ஜெர்மன் மருத்துவர் கிரேப்பெலின் பரப்பிய பழைய பெயரின் பொருளே இளமையில் வரும் அறிவுத்தேய்வு என்பதுதான். ஆனால் கலிபோர்னியாவில் திலீப் ஜெஸ்டே என்ற மருத்துவர், மகாராட்டிரத்தில் பிறந்தவர், இந்த நோயோடு முதுமைக்கு வந்தவர்களைப் பல வருடம் ஆராய்ந்தார். பலருக்கு வயது போகப் போகக் குரல்களும் சந்தேகங்களும் தணிகின்றன, ஆஸ்பத்திரியில் படுக்கும் தடவைகள் குறைகின்றன, வாழப் பழகிக்கொள்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். உன் அண்ணாவுக்கு ஆகியிருக்கிறது. 1995 இடப்பெயர்வில் ஊசி மருந்தில்லாமல் அவரைத் தொலைத்துவிட்டு நாலு நாள் கழித்துக் கொடிகாமத்தில் கண்டுபிடித்தோமே, அந்த ஆளும் நேற்று நான் பார்த்த ஆளும் ஒன்றா என்று நீயே வந்து பார்.

போன மாதம் அவர் தனியே முணுமுணுக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார் இல்லை, பழைய வருத்தம் திரும்பிவிட்டது என்று உனக்குப் போன் போயிருக்கிறது. நான் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. காது டொக்டரிடம் காட்டினோம். இடது காது நிறைய அழுக்கு, அதோடு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. முதுமையில் காது மந்தமாவதும் தனிமையும் சேர்ந்தால் சந்தேகங்கள் வளர இடமுண்டு, மறதிநோய்க்கும் அது ஒரு காரணி. அவருக்குக் குளிசை கூட்ட வேண்டிய தேவை வரவில்லை, காதுக் கருவிதான் தேவைப்பட்டது.

மறதிக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. நடுக்கத்துக்கென்று அவர் வருடக்கணக்காகக் குடிக்கும் பென்செக்சோல் வயதானவர்களின் ஞாபகத்தை மங்கவைக்கும். கிளினிக் டொக்டர் அதை மெல்லக் குறைத்தார். நேற்று நான் சும்மா, "அப்பா ஸ்டேசன் மாஸ்டராய் இருந்த லைன் ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். முருங்கையிலையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம்." ஒன்றும் தப்பவில்லை. கோண்டாவில் வந்தபோது குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், உன் அப்பா கொடி காட்டின மாதிரி.

எனக்குப் பயம் அவருடைய உடம்பில்தான். இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வருடம் முந்தியே போய்விடுகிறார்கள், பெரும்பாலும் இதயநோய், சீனி, புகைத்தல். எல்லாரும் குரல் கேட்கிறதா என்று விசாரிப்பார்கள், பிரஷர் பார்க்க மாட்டார்கள். ஆகவே சீனியும் கொழுப்பும் சோதிக்கக் கொடுத்திருக்கிறேன். சுருட்டு ஒரு நாளைக்கு ஒன்றாகியிருக்கிறது.

இல்லம் பற்றி என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். 1979இல் நான்சி வாக்ஸ்லர் என்பவர் இலங்கையில் செய்த ஒரு ஆய்வை வெளியிட்டார். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இங்கே சிசோபிரினியா உள்ளவர்கள் மேல்நாட்டவரைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒதுக்கிவைக்காமல் குடும்பம் வைத்துப் பார்ப்பதும், வருத்தம் ஒருநாள் மாறிவிடும் என்ற எண்ணமும் காரணமாக இருக்கலாம் என்றார். அந்த முடிவோடு பிறகு சிலர் வாதாடினார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் குடும்பம் இப்போது எங்கே வதனி? பாதி கனடாவில் ஸ்காபரோவில், பாதி லண்டனில், வீட்டில் ஒரு கமராவும் ஒரு வயோதிபரும். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ ஏன் போனாய் என்று என்னைவிட ஆருக்குத் தெரியும்?

அந்த இடத்தை ஓரளவு நிரப்பலாம் என்றும் ஒரு ஆய்வு இருக்கிறது. கோவாவில் 60 வயது தாண்டி, மனச்சோர்வின் தொடக்கத்தில் நின்ற 181 பேரை எடுத்தார்கள். ஒரு பாதிப் பேரிடம் சாதாரண ஊர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுப் பிரச்சினையை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கவும், ஒழுங்காக நித்திரை கொள்ளவும், சீனியைக் கவனிக்கவும், அரசாங்க உதவி எடுக்கவும் துணை நின்றார்கள். ஒரு வருடத்தில் அந்த 91 பேரில் 4 பேர்தான் முழு மனச்சோர்வில் விழுந்தார்கள், மற்ற 90 பேரில் 13 பேர். 2019இல் வெளிவந்தது. அதைப் படித்த பிறகுதான் நாங்கள் ஓய்வுபெற்ற நாலு பேர் புதன்கிழமைகளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகத் தொடங்கினோம். அண்ணா வீடு என் பக்கம்.

ஆகவே இப்போது இல்லம் வேண்டாம். அண்ணாவுக்குச் சமைத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கான காசைக் கொஞ்சம் கூட்டி அனுப்பு. காதுக் கருவிக்கு பற்றரி இங்கே தட்டுப்பாடு, வருபவர்களிடம் கொடுத்துவிடு. இல்லம் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் என்னிடம் கேட்காதே, அவரிடம் கேள்.

ஞாயிறு காலை எங்கள் ஏழரைக்கு எடு, உனக்குச் சனி இரவு பத்து மணி. அவர் சாப்பிட்டு முடித்து விறாந்தையில் இருப்பார். கருவியை வலது காதில் போட்டு வைக்கச் சொல்கிறேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கதை.

அன்புடன்,
சாந்தி