முதியோர் இல்லப் பணியாளர்களின் இரவுப் பணி

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் இல்லங்களைப் பற்றிய செய்திகளில் அங்கு பணிபுரியும் எங்களுக்கு இடமிருப்பதில்லை. படுக்கையிலேயே இருப்பவருக்குப் புண் வராதிருக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி அமர்த்திக் கஞ்சியைச் சிறிது சிறிதாகப் புகட்டுவதும், மறதி நோயால் நள்ளிரவில் வீட்டுக்குப் புறப்படுபவரிடம் பொறுமையாகப் பேசி உறங்க வைப்பதும் எங்கள் வேலை. இரவில் ஒருவரே பலரைக் கவனிக்க நேரும்போது முதலில் தவறிப்போவது புரட்டிப் படுக்க வைப்பதுதான். அதன் வேதனை முழுவதும் அந்த முதியவருக்கே.

மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லங்கள் அமைக்க பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலனுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்துள்ளது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கட்டில்களோடு இரவுப் பணியாளர் வருகைப் பதிவேட்டையும் பார்த்து, போதிய ஆட்களையும் பயிற்சியையும் உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
முதியோர் இல்லப் பணியாளர் ஒருவர்,
மதுரை.