புனேயை மறக்கலாமா?

ஆசிரியருக்கு,

ராணுவக் கட்டளையகங்கள் (நாட்டின் ஒவ்வொரு பகுதிக்குமான படைத் தலைமையகங்கள்) பற்றிய தங்கள் கட்டுரை, 1971 போரையும் கிழக்குக் கட்டளையகத்தையும் விரிவாகப் பேசிவிட்டு, 1895 முதல் புனேயில் இயங்கும் தெற்குக் கட்டளையகத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டது. 1948 செப்டம்பர் 13 அன்று அந்தக் கட்டளையகத்தின் கீழ், சோலாப்பூர்ப் பக்கமிருந்து டாங்கிகளோடு ஹைதராபாத்தை நோக்கிப் படை நடத்தியவர் மேஜர் ஜெனரல் ஜே.என்.சௌத்ரி. ஐந்தே நாளில் ஹைதராபாத் மன்னர் நிஜாமின் தளபதி எல் எத்ரூஸ் அவரிடம் சரணடைந்தார். அதை இன்னமும் ‘போலீஸ் நடவடிக்கை’ என்றே எழுதுகிறோம்; எந்தப் போலீஸ் டாங்கியில் போனது? 1961 டிசம்பரில் கோவாவை மீட்டபோது, அதே சௌத்ரிதான் தெற்குக் கட்டளையகத்தின் தலைவர். 451 ஆண்டுப் போர்த்துகீசிய ஆட்சி இரண்டு நாளில் முடிந்தது. சென்னையிலுள்ள ‘தக்ஷிண பாரத் ஏரியா’ எனும் ராணுவத் தலைமையகமும் புனேயின் கீழ்தான் வருகிறது. இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்,
வேலூர்