உழுமுன் ஆட்காட்டி முட்டையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெங்களூரு ஹெசரகட்டா பக்கத்துக் கேழ்வரகு நிலங்களில் கோடை உழவு நடக்கும்போதுதான் ஆட்காட்டிப் பறவை முட்டையிடுகிறது. வெறும் மண்குழியில், மண் நிறத்தில், கரும்புள்ளியோடு நான்கு முட்டைகள். டிராக்டரில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. பறவை தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். முட்டையை எடுத்து வரப்பில் வைத்தால் பறவை தேடி வராது. சுற்றிலும் பத்தடி விட்டு உழுங்கள். அடையாளக் குச்சியைக் கூட்டருகே நடாதீர்கள். காக்கை அதில் உட்கார்ந்து முட்டையைக் கண்டுவிடும். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ 28 நாள் ஆகும்.

தீவனப்புல்லை ஓரத்திலிருந்து சுற்றி அறுத்தால் கௌதாரிக் குஞ்சுகள் நடுவில் மாட்டிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அறுப்பதே சரி. வேளாண் துறை இதை முதலில் வாடகை டிராக்டர் ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

– பறவை ஆர்வலர்கள், எலகங்கா, பெங்களூரு