பழைய யெஸ்டிக்குப் பாகம் தேடும் மகளுக்கு

குன்னூர்

அன்புள்ள மகளுக்கு,

தூத்துக்குடியில் நீ வண்டியைக் காட்டிய மெக்கானிக், இதற்கு இனிமேல் சாமான் கிடைக்காது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னதில் பாதி உண்மை. மைசூரில் 1961-இல் ஜாவா மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கத் தொடங்கி, பிறகு யெஸ்டி என்ற பெயரில் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்த ஆலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது; ஆகவே கம்பெனி சாமான் என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் கையை விரிக்கத்தான் செய்வார்கள். 2022-இல் அதே பெயரில் வந்த புதிய வண்டி நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் கொண்டது; நம்முடையதோ டூ ஸ்ட்ரோக். அதன் என்ஜின் பாகம் எதுவும் நம்முடையதற்கு ஒத்துவராது. ஆனால் பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட்டு, அளவைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினாயானால், இந்த வண்டியை ஓட வைக்கத் தேவையானவற்றில் பெரும்பகுதி உன் ஊரிலேயே கிடைக்கும். டீ பேக்டரியில் ஃபிட்டராக இருந்த காலமெல்லாம் நான் செய்த வேலை இதுதான். இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த, தேயிலையை உருட்டும் பழைய ரோலர்களுக்கு யாரும் சாமான் அனுப்பாத காலத்திலும், அளவெடுத்துப் புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) கடைந்து போட்டுத்தான் அவற்றை ஓட்டினோம்.

முதலில் பேரிங். அதன் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் எண் பொறித்திருக்கும். 6204 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு. உள் விட்டம் 20 மில்லிமீட்டர். 6305 என்றால் 25. எந்த நாட்டுக் கம்பெனி செய்தாலும் இந்த எண்ணுக்கு அளவு ஒன்றுதான் என்பதால், பம்ப்செட்டுக்குப் பேரிங் விற்கும் கடைக்காரர் யெஸ்டியைக் கண்ணால் பார்த்திராவிட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்குக்கு வாங்கும்போது மட்டும் எண்ணுக்குப் பின்னால் சி3 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு; சூட்டில் விரிவதற்குச் சற்றுக் கூடுதலாக இடம் விட்டுச் செய்தது அது.

ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலும் அப்படியே. உள் விட்டம், வெளி விட்டம், கனம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பெட்ரோல் கலவையை இழுத்து மேலே தள்ளும் அறை என்பதால், கிராங்கின் இரு முனையிலும் இருக்கும் அந்த ரப்பர் வளையங்களை அற்பமாக நினைக்காதே. வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து, கியர் பாக்ஸ் ஆயிலும் தானாகக் குறைந்தால் கிளட்ச் பக்கத்துச் சீல் போய்விட்டது என்று பொருள். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் வேகம் இறங்காமல் அலறினால், டைனமோ பக்கத்துச் சீல் வழியாகக் காற்று இழுக்கிறதா என்று பார். நீ எழுதியிருக்கும் குறிகளைப் பார்த்தால் முதலாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிளட்ச் நழுவுகிறது என்றும் எழுதியிருந்தாய். நம் வண்டியின் கிளட்ச் பிளேட் இரும்புத் தகட்டில் துளையிட்டு அதில் கார்க் பதித்தது. தேய்ந்த கார்க்குகளை வெளியே தள்ளிவிட்டு, தகட்டைக் கண்ணாடி மேல் வைத்து அது கோணாமல் இருக்கிறதா என்று முதலில் பார். பிறகு நல்ல முழுக் கார்க் வாங்கு. தூளை ஒட்டி அழுத்திச் செய்தது ஆகாது, எண்ணெயில் உதிர்ந்துவிடும். துளையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, வெந்நீரில் போட்டு மெதுவாக்கி, விரலால் நசுக்கிக்கொண்டே துளைக்குள் நுழைத்தால், கையை எடுத்ததும் அது விரிந்து தானாகவே இறுகப் பிடித்துக்கொள்ளும். பசை எதுவும் வேண்டாம். இரு பக்கமும் புடைத்து நிற்பதைக் கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து, எல்லாக் கார்க்கும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை பொறுமையாக இரு. ஒரு கார்க் மட்டும் உயர்ந்து நின்றாலும் பாரம் முழுவதும் அதன் மேல் விழுந்து கருகிவிடும். மாட்டுவதற்கு முன் ஓர் இரவு முழுக்க கியர் ஆயிலில் ஊற வை. இது யாரும் அவசரத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை; நீயே செய்வதுதான் நல்லது.

இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் வைக்கும் கேஸ்கட்டை உன் கையாலேயே வெட்டிக்கொள்ளலாம். ஷீட்டைக் கேஸின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தை மெல்லத் தட்டினாலே விளிம்பு அறுந்துவரும். போல்ட் துளைக்கு, பழைய பேரிங்கிலிருந்து எடுத்த குண்டு ஒன்றைத் துளையின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் சுத்தமான வட்டம் விழும். சிலிண்டருக்கு அடியில் போடுவதை மட்டும் பழையதன் கனத்திலேயே வெட்டு. கனம் மாறினால் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் என்ற வாசல் திறக்கும் நேரமும் கம்ப்ரஷனும் மாறிவிடும். பிளக்குக்குத் தீப்பொறி தரும் அமைப்பில் உள்ள கண்டன்சர் கிடைக்கவில்லை என்றால், அதே அமைப்பில் பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் முனை) வைத்த பழைய காரின் கண்டன்சரை வெளியே பொருத்தி வயர் இழுத்தாலும் வேலை செய்யும்.

இனி எழுதப்போவதை அவசியம் கவனமாகப் படி, ஏனென்றால் இதில் தவறினால் என்ஜினே போய்விடும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறைந்த காற்றுக்கு ஏற்ப நான் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் ஊசியின் கிளிப்பை மேல் வெட்டில் போட்டு, பெட்ரோல் வரும் துளை கொண்ட மெயின் ஜெட்டையும் சிறியதாக வைத்திருந்தேன். அதே அமைப்பில் தூத்துக்குடியில் ஓட்டினால் காற்று அதிகமாகி, பெட்ரோலும் அதோடு கலந்து வரும் ஆயிலும் போதாமல், சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கு. ஜெட்டை அடுத்த பெரிய எண்ணுக்கு மாற்று. ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதே, எண் பொறித்த ஜெட்டே விலைக்குக் கிடைக்கிறது. பிறகு நீண்ட சாலையில் வேகமாக ஓட்டி, அப்படியே என்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார். உள்ளே பீங்கான் டீத்தூள் நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் இன்னும் பெட்ரோல் வேண்டும். கரியும் ஈரமுமாக இருந்தால் அளவு மீறிவிட்டது.

லீவுக்கு இந்த வண்டியிலேயே வருவதாக இருந்தால், மேட்டுப்பாளையத்தில் கிளிப்பைத் திரும்ப ஏற்றிக்கொண்டு மலை ஏறு. இறங்கும்போது பர்லியார் வளைவுகளில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடியபடி கியரிலேயே உருட்டாதே. பெட்ரோல் நின்றால் ஆயிலும் நின்றுவிடும் என்பதால், இடையிடையே கொஞ்சம் முறுக்கிவிட்டுக்கொண்டே வா.

மாற்றுவழி தேடக் கூடாத இடங்களும் உண்டு. பிரேக் லைனிங், பிரேக் ராடு, சக்கரத்தின் ஆக்சில், ஃபோர்க், ஸ்போக் இவற்றில் வேறு வண்டிச் சாமானைத் திருத்திப் போடவோ, வெல்டிங் வைக்கவோ நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். லைனிங்கைப் பழைய ஷூவின் மேல் புதிதாக ஒட்டித் தரும் கடைகள் இருக்கின்றன; அவர்களிடம் கொடு. மற்றவற்றுக்குச் சரியான பாகம் கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும், நீ பஸ்ஸில் போ.

இந்த வாரம் கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்து, சீலின் மூன்று அளவையும் வெர்னியரில் எடுத்து எழுதியனுப்பு. சீலின் முகத்திலேயே அளவு அச்சிட்டிருந்தால் ஒரு படம் போதும். கிக்கர் ஷாஃப்ட்டின் புஷ் ஆடுகிறது என்றாயே, அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஷாஃப்ட்டோடு சேர்த்து கூரியரில் அனுப்பு. இங்கே லேத் பட்டறையில் கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் கடைந்து, ஷாஃப்ட்டில் மாட்டிப் பார்த்துவிட்டே திருப்பி அனுப்புகிறேன். விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா