அம்மாவைக் காபி போட அனுப்பிவிட்டுக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னை மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு போய்ப் பதினோரு வருடமாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் யூரின் எவ்வளவு, மோஷன் போனதா, புண் இருக்கிறதா என்று கேட்பார்கள். மனசைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டார்கள், மூன்றாம் வருடம். அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். "நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

அந்த வருடம்தான் வீல்சேரில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொடுப்பதை நிறுத்தியிருந்தேன். படுக்கைப் புண் வராமலிருக்க ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது அது. ஒரு நிமிஷ வேலை. தெரிந்தேதான் விட்டேன். புண் வந்தது. சீட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கவனமெல்லாம் இருந்தது, இருந்தால் என்ன, போனால் என்ன என்றுதான் இருந்தது.

முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டு என்கின்றன ஆய்வுகள். கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலேயே இருக்கிறது. கடந்த 2 வாரம் எப்படிப் போனது என்று கேட்கும். மொத்த மதிப்பெண் 27. அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். நேரமில்லையா, முதல் இரண்டை மட்டுமாவது கேட்கலாம்: எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து நம்பிக்கை விட்டுப்போகிறதா?

தூக்கம், அசதி பற்றிய கேள்விகளில் மட்டும் நிதானம் தேவை. இரவில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கும் உடம்புக்குத் தூக்கம் எங்கே வரும்? அதற்காக எல்லாவற்றையும் 'இந்த உடம்புக்கு இது சகஜம்' என்று தள்ளிவிடவும் கூடாது. சாக வேண்டுமென்று தோன்றுகிறதா என்பது ஒன்பதாவது கேள்வி. அதைக் கேட்கப் பலரும் கூசுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியதிலிருந்து பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த வருகையில் தாளின் முதல் இரண்டு கேள்விகளையும் சேர்க்கலாம். வீட்டாரைக் காபி போட அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். பதில் சரியில்லையென்றால் அடுத்து யார் பார்ப்பார், எந்தத் தேதியில் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். தாளை மடித்துப் பைக்குள் வைப்பதானால் கேட்காமலே இருக்கலாம். மனநலப் பிரிவு மாடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில் இருந்தால் நாங்கள் ஏற முடியாது. மருத்துவரைப் பார்க்கும்வரை பேச, அரசின் மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணையாவது எங்கள் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி வட்டம்