பூஜ்ஜியம் எழுதியவர்களுக்கு நன்றி

வனவிலங்குக் கணக்கெடுப்பில் எங்களோடு காட்டுக்குள் நடந்த எல்லோருக்கும் வணக்கம்.

படிவங்களை அடுக்கிவைத்துப் பார்த்தபோது பூஜ்ஜியங்கள்தான் அதிகம் கண்ணில் பட்டன. விடியுமுன் எழுந்து, பனியில் நனைந்து, ஒதுக்கப்பட்ட பாதை முழுவதையும் பேசாமல் நடந்துவிட்டு, ஒரு தடமோ எச்சமோ கிடைக்காமல் திரும்பியிருக்கிறீர்கள். அதை அப்படியே எழுதியும் கொடுத்திருக்கிறீர்கள். என் முதல் நன்றி அதற்குத்தான்.

சிலர் முகம் வாடி வந்தீர்கள், அதனால் இதைச் சொல்ல வேண்டும். ஓரிடத்துக்கு நான்கு முறை போய் ஒரு முறை மட்டும் மானின் தடம் தென்பட்டால், மற்ற நாட்களில் மான் அந்தப் பக்கமே இல்லை என்று ஆகிவிடாது. இருந்தும் நம் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். எவ்வளவு தப்புகிறது என்பதை உங்கள் பூஜ்ஜியங்களை வைத்துத்தான் கணிக்க முடியும். ஒரு விலங்கு எத்தனை இடங்களில் வாழ்கிறது என்று கணிக்க 2002இல் டேரில் மெக்கென்சியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. படிவத்தின் கட்டத்தை வெறுமனே விட்டிருந்தால், நீங்கள் அங்கே போனீர்களா என்பதே தெரியாமல் போயிருக்கும்.

அப்புறம், எதிரே அசைவு தெரிந்தால் தானாகப் படமெடுக்கும் கேமராக்களை வைத்தவர்கள். ஒவ்வொரு சிறுத்தையையும் அதன் புள்ளிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்; ஆனால் அதன் வலப்பக்கப் புள்ளிகள் இடப்பக்கம்போல இருப்பதில்லை. அதனால் ஒவ்வோர் இடத்திலும் பாதையின் இரு பக்கமும் கேமராப் பெட்டி கட்ட வேண்டும், சுமையும் இரட்டிப்பு. எதிரே புல் ஆடினாலும் படம் விழும் என்று குனிந்து குனிந்து புல்லை வெட்டினீர்கள். அப்படியும் விழுந்த வெற்றுப் படங்களை இரவெல்லாம் உட்கார்ந்து பிரித்தவர்களை மறக்க மாட்டேன். கும்மிருட்டுப் படத்தில் நண்பகல் நேரம் பதிவாகியிருந்ததைக் கவனித்து, பேட்டரி மாற்றியபோது கடிகாரம் பிசகியதைக் கண்டுபிடித்த தோழிக்குத் தனி நன்றி. அந்தக் கேமராவின் பதிவுகள் முழுவதையும் அவர்தான் காப்பாற்றினார்.

செடிகொடிகளை அளந்த குழுவிடம் யாரும் 'என்ன பார்த்தீர்கள்?' என்று ஆவலாகக் கேட்கவில்லை. எனக்கு அது வருத்தம். புல் எங்கே குறைகிறது, உண்ணிச்செடி எங்கே புதராக ஏறுகிறது என்று அவர்கள் குறித்துத் தராவிட்டால், மான் ஏன் குறைந்தது என்று அடுத்த முறை ஊகிக்கத்தான் முடியும்.

முன்னால் நடந்த வனக்காவலர்களே, காற்றின் திசை பார்த்து நீங்கள் கை காட்டி நிறுத்திய இடத்திலெல்லாம் நின்றோம். அதனால்தான் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பினோம்.

மூலப் படிவங்கள் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த ஆண்டும் இதே பருவத்தில், இதே பாதைகளில் நடப்போம். ஒன்றும் காணாத பாதைகளிலும்தான்.

அன்புடன்,
கணக்கெடுப்பு ஒருங்கிணைப்பாளர்