கட்டுப்பாட்டு அறையில் நாற்காலியையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்தில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை எது திறந்தாலும் பத்திரிகையில் ஒரே மாதிரிப் படம்தான் வருகிறது. சுவர் முழுக்கத் திரை, அதன் முன்னால் விருந்தினர்கள். இரவெல்லாம் அந்தத் திரையைப் பார்க்கப் போகிறவரின் மேசையும் நாற்காலியும் படத்தில் இருக்காது. அப்படி ஒரு நாற்காலியில் 11 வருடம் உட்கார்ந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

டாங்கர் லாரிகள் ஓட்டும் ஒரு நிறுவனத்தில் வண்டிகளைக் கண்காணிக்கும் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். முதலில் இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு போன், ஒரு நோட்டு. வண்டிகள் கூடியபோது முதலாளி நல்ல மனதோடு நிறையச் செலவு செய்து புது அறை கட்டினார். சிரமம் அங்கேதான் ஆரம்பித்தது.

மேசைப் பலகை கண்ணாடி மாதிரி பளபளக்கும். மேலே இருக்கும் டியூப் லைட் அதில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கும். மேற்குப் பார்த்த ஜன்னல் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் மானிட்டரில் வரைபடம் தெரியாது, ஜன்னல்தான் தெரியும். ஒருவருக்கு நான்கு மானிட்டர், இரண்டின் மேல் இரண்டு. எதிர்ச் சுவரில் மாட்டிய பெரிய திரையை அந்த நான்கும் சேர்ந்து மறைத்துவிட்டன. அதைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். யூபிஎஸ் அறையின் மூலையிலேயே உறுமிக்கொண்டிருக்கும். டிரைவர் போனில் சொன்னது ஓமலூரா, ஓசூரா என்று இரண்டு தடவை கேட்போம்.

ஒரு நாள் பின்னிரவில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எங்கள் வண்டி ஒன்று பிரேக் சூடேறி ஓரம்கட்டி நின்றது. டிரைவர் அண்ணனின் போனில் சார்ஜ் இல்லை. எச்சரிக்கை எங்கள் திரைக்கு வந்துவிட்டது. ஆனால் வேகம் கூடினாலும் சிவப்பு, டீசல் குறைந்தாலும் சிவப்பு, சிக்னல் போனாலும் சிவப்பு என்றுதான் அந்தத் திரையை அமைத்திருந்தார்கள். அத்தனை சிவப்பில் இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு 20 நிமிடம் ஆனது. அவர் அதற்குள் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, மரக்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த 20 நிமிடம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கட்டுப்பாட்டு அறை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 11064 என்று பல பகுதிகள் கொண்ட சர்வதேசத் தரம் இருக்கிறது. அறையில் இருப்பவர் என்ன வேலை செய்யப் போகிறார், எதைப் பார்த்து முடிவெடுப்பார், யாரோடு பேச வேண்டியிருக்கும் என்பதை முதலில் ஆராயச் சொல்கிறது. மேசை, திரை, வெளிச்சம், சத்தம் எல்லாம் அதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எங்களுக்கு முதலில் திரை வந்தது, மிச்ச இடத்தில் நாங்கள் உட்கார்ந்தோம்.

எழுத்தின் அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பார்க்கும் தூரத்தை 200 ஆல் வகுக்க வேண்டும். 4 மீட்டர் தள்ளியிருக்கும் திரையில் எழுத்து 2 சென்டிமீட்டர் உயரமாவது இருந்தால்தான் சிரமமில்லாமல் படிக்கலாம். எங்கள் சுவரில் வண்டி நம்பர் அதில் பாதிகூட இல்லை.

நாற்காலி விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்வேன். சாதாரண ஆபீஸ் நாற்காலி, ஒரே ஆள் பகலில் எட்டு மணி நேரம் உட்காருவதற்குச் செய்தது. இங்கே மூன்று ஷிஃப்டும் ஆள் மாறி மாறி உட்காருகிறார்கள், அது ஆறவே ஆறாது. நான் ஐந்தடி, எனக்கு அடுத்து வரும் தம்பி ஆறடி. உயரம், முதுகுச் சாய்மானம், கை வைக்கும் இடம் எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே மாற்ற முடியாவிட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள். கால் தொங்காமல் இருக்க நான் பழைய ஃபைல் கட்டு ஒன்றைக் கீழே வைத்திருந்தேன். மேசைக்குப் பின்பக்கம் கதவும் கிடையாது. ஒயர் பார்க்க வருகிறவர் எங்களை எழுப்பிவிட்டுக் காலடியில் ஊர்ந்துதான் போவார். அந்த நேரத்தில் வண்டிகளை யார் பார்ப்பது?

மதுக்கரையில் யானைகள் ரயிலில் அடிபடாமல் காக்க, வனத்துறை 2024 பிப்ரவரியில் ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. 12 கோபுரங்கள், இருட்டிலும் யானையைக் காட்டும் கேமராக்கள், அவற்றுக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை. நம் மண்ணில் நடந்த நல்ல காரியம், எனக்குப் பெருமைதான். கேமரா எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், வந்த எச்சரிக்கையைப் பார்த்து உரியவர்களுக்குச் சொல்ல நடுராத்திரியில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஓடும் ரயில் நினைத்த இடத்தில் நிற்காது. இப்படிப்பட்ட அறை எந்த ஊரில் அமைந்தாலும், அங்கே இருப்பவருக்குக் கண் கூசாத விளக்கும், அதன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியும், பளபளப்பில்லாத மேசையும், பக்கத்திலேயே கழிப்பறையும் வேண்டும். பெண்கள் இரவு ஷிஃப்டுக்கு வருகிற காலம் இது, கழிப்பறைக்கு வளாகத்தைச் சுற்றி நடக்க வைக்காதீர்கள்.

இதையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. கோவையில் தகடு வளைத்து, பவுடர் கோட்டிங் அடித்துத் தரும் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. டெண்டர் விடுவதற்கு முன்னால் பிளைவுட்டில் ஒரே ஒரு மேசை செய்து, மானிட்டர்களை வைத்து, உட்காரப் போகிறவர்களை ஒரு முழு இரவு உட்கார வைத்துப் பார்க்கலாம். கருங்கல்பாளையம் சந்தையில் மாடு வாங்கும்போது பல்லைப் பார்த்து, நடக்க விட்டுப் பார்த்துத்தானே விலை பேசுகிறோம்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து எங்கேயாவது கட்டுப்பாட்டு அறை திறந்தால் விழாப் படத்தோடு நிறுத்த வேண்டாம். ஒரு மாதம் கழித்து, இரவு மூன்று மணிக்கு ஒரு நிருபரை அங்கே அனுப்புங்கள். டூட்டியில் இருப்பவரிடம், பெரிய திரை உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிகிறதா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சங்ககிரி